மஞ்சள் வயர்

திரையில் மூன்றாவது தடவையாக அதே பெட்டி வந்து நின்றது. தேவையான சிடி, டிவிடி டிரைவின் டிரைவர் இல்லை, டிரைவர் உள்ள பிளாப்பியோ சிடியோ இருந்தால் இப்போது போடவும் என்று ஆங்கிலத்தில் கேட்டது. நயினார் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தான். மணி பதினொன்று இருபது. சாப்பாட்டு நேரம் முடிந்து ஒன்றரைக்குத் தகடு அடிக்கிற பிரஸ் ஓடியாக வேண்டும். கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை என்றால் வயர் போடச் சொல்வார்கள்.

அவனுக்கு வயர் போடத் தெரியும். பயமே அதுதான்.

"என்னண்ணே சொல்லுது?" மாடத்தி பின்னால் வந்து நின்றாள். பிரஸ்ஸில் உட்காருகிறவள் அவள். விளாத்திகுளம் பக்கம். பிரஸ் நேற்று மதியத்திலிருந்து நின்றுபோனதால் அவளைத் தகடு துடைக்கப் போட்டிருந்தார்கள். கை முழுக்க எண்ணெய்.

"டிவிடி டிரைவுக்கு டிரைவர் கேக்குது."

"அந்த டிவிடிக்குள்ள இருந்துதானே அதுவே ஓடுது?"

"ஆமா."

"பஸ்ஸுல ஏறி உக்காந்துக்கிட்டு பஸ்ஸு எங்கன்னு கேக்குத மாரில்லா இருக்கு."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பான். அவளுடைய கைகளைப் பார்த்தான். பழந்துணியால் ஒவ்வொரு விரலாக உருவித் துடைத்துக்கொண்டிருந்தாள். பத்தும் இருந்தன. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒரகடத்தில் கார் கம்பெனிக்குச் சின்னச் சின்னத் தகட்டுப் பாகங்கள் அடித்துக்கொடுக்கும் ஷெட் அது. நூற்றறுபது டன் பிரஸ். தகட்டைக் கையால் உள்ளே வைத்து, கையை எடுத்துவிட்டுக் காலால் பெடலை மிதித்தால் மேலச்சு இறங்கி ஒரே அடி. ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தடவை கை உள்ளே போய் வெளியே வர வேண்டும். அதற்காக முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று உண்டு. கர்ட்டன் என்பார்கள். அதன் குறுக்கே விரல் கிடந்தாலும் பிரஸ் நின்றுவிடும். பக்கத்தில் இந்தக் கம்ப்யூட்டர். தகடு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கேமரா வழியாகப் பார்த்து, சரி என்று சொன்னால்தான் அச்சு இறங்கும்.

இரண்டையும் மாட்டிக்கொடுத்த ஆள் ஒரு சோம்பேறி. கர்ட்டன் சிக்னலையும் கம்ப்யூட்டர் சிக்னலையும் ஒரே ரிலே சுவிட்சில் கொண்டுவந்து முடித்துவிட்டுப் போய்விட்டான். அவனுடைய கம்பெனியும் இப்போது இல்லை. கம்ப்யூட்டர் செத்துப்போனால் பிரஸ்ஸை ஓட்ட ஒரே வழிதான். பேனலைத் திறந்து, அந்த ரிலேயைத் தாண்டி ஒரு துண்டு வயர் போட வேண்டும். போட்டால் பிரஸ் ஓடும். கர்ட்டன் செத்துவிடும். ஆனால் கர்ட்டனின் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். உட்காருகிற ஆளுக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதில் உட்கார்ந்த சுடலைக்கண்ணுவுக்குத் தெரியவில்லை.

நேற்று மதியம் கரண்ட் போய் வந்ததில் பழைய கம்ப்யூட்டரின் போர்டும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து புகைந்துவிட்டன. கேமராவோடு பேசுகிற கார்டு விண்டோஸ் செவனில் மட்டுந்தான் வேலை செய்யும். புது மெஷினில் செவன் ஏறாது என்று சொல்லி, ஓரளவு பழைய போர்டாகப் பார்த்து செகண்ட் ஹேண்டில் ஒன்றைச் சாயங்காலமே கொண்டுவந்து இறக்கினார்கள். அதில் டிவிடி டிரைவ் வைக்கவே இடமில்லை. யுஎஸ்பியில் சொருகுகிற வெளி டிரைவ் ஒன்றை ஆபீசில் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டுதான் காலை எட்டரையிலிருந்து நயினார் மல்லுக்கட்டுகிறான். மொழி கேட்கிறது, சொன்னால் ஒப்புக்கொள்கிறது. இன்ஸ்டால் என்று அமுக்கினால் டிரைவர் எங்கே என்கிறது. பென்டிரைவில் போட்டுப் பார்த்தான். அதற்கும் அதே கேள்வி.

"இன்னா நைனா, எய்ந்துக்கிச்சா?"

சூப்பர்வைசர் சிவசங்கர். உள்ளூர்க்காரர். அவர்கள் குடும்பத்து நிலத்தில்தான் எதிரில் இருக்கும் கம்பெனியின் லாரி நிறுத்துமிடம் இருக்கிறது. காதில் போன், வாய் இவனிடம்.

"இல்ல சார். டிரைவர் கேக்குது."

"காலைலேர்ந்து இதயே சொல்லிக்கினு கீற. அஞ்சு மணிக்கு கார் கம்பெனி வண்டி வந்து நிக்கும். பார்ட் இல்லன்னா அவன் லைனு நின்னுடும். லைனு நின்னா இன்னா ஆவும்னு தெரியும்ல?"

"தெரியும் சார்."

"ஒன்றர. அதுக்கு மேல முடியாது. அப்டியே வரலைனாலும் டென்ஷன் ஆவாத. வயரப் போட்டு ஒரு ஆயிரம் பீஸ் ஓட்டிட்டு, ராவுல நிதானமா இதப் பாத்துக்கலாம்."

காபிக்குச் சர்க்கரை போடு என்பதுபோலச் சொன்னார். நயினார் திரையிலிருந்து திரும்பினான். "சார், போன தடவ..." என்றான்.

சிவசங்கர் போனைக் கையால் பொத்தினார். "போன தடவ இன்னா? ஆபரேட்டர் அஜாக்கிரத. ரிப்போர்ட்லயே அப்டித்தான் கீது. நீயுந்தானப்பா கையெய்த்து போட்ட?"

போட்டிருந்தான். அன்றைக்கு ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டுவதற்குள் பேனலைத் திறந்து வயரைப் பிடுங்கிப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். பிறகு கர்ட்டன் சரியாக இருந்தது என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டான். அதிகாரி வந்து சோதித்தபோது கர்ட்டன் சரியாகத்தான் இருந்தது. ராத்திரி சிங்கப்பெருமாள் கோவில் ரூமில் துணி துவைக்கும்போது வயர் கையில் சிக்கியது. முக்கால் சாண் நீளம், மஞ்சள் நிறம். குப்பையில் போட்டான். திரும்பப் போய்ப் பொறுக்கி எடுத்துவந்தான். யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம். அன்றிலிருந்து அது அவனுடைய டூல் பெட்டியின் அடித்தட்டில் கிடக்கிறது. எந்த ரிலே, எந்த இரண்டு ஸ்க்ரூ என்பது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

சிவசங்கர் போனதும் ஜெபகுமாருக்குப் போன் போட்டான். ஊர்க்காரன். குன்றத்தூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான்.

"மவுஸ் ஓடுதாலே?" முதல் கேள்வியே அதுதான்.

"இல்ல. அம்பு அசையாம கெடக்கு. கீபோர்டு மட்டும் ஓடுது."

"கீபோர்டு எந்தப் பின்னு?"

"பழசு. வட்டப் பின்னு."

"டிவிடியும் மவுசும் நீல யுஎஸ்பி ஓட்டையில சொருகிருக்கியா?"

நயினார் குனிந்து பார்த்தான். "ஆமா. ரெண்டும் நீலம்."

"வெளங்கும். செவன் வந்த காலத்துல நீல ஓட்டையே கெடையாதுல. பூட் ஆகுற வரைக்கும் போர்டு பாத்துக்கிடும். அதுக்கப்புறம் செவன் தன் கண்ணால பாக்கணும். அதுக்கு நீலம் தெரியாது. டிரைவைக் காணும்னு அழும். கறுப்பு ஓட்டை இருக்கும் பாரு, அதுல சொருகு. ஒரு நிமிசத்துல தீந்துரும்."

நயினார் கறுப்பு ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தான்.

"ஏலே, இருக்கியா?"

"கறுப்பு நாலையும் அடைச்சாச்சுண்ணே."

"எவன் அடைச்சான்?"

"நாந்தான்."

எந்தக் கம்ப்யூட்டர் ஷெட்டுக்குள் வந்தாலும், சுவிட்ச் போடுவதற்கு முன்னாலேயே யுஎஸ்பி துளைகளில் எம்சீல் பிசைந்து அடைத்துவிட வேண்டும். கார் கம்பெனி ஆடிட்டில் வைத்த சட்டம் அது. யாரும் பென்டிரைவ் சொருகி வரைபடங்களைத் திருடிவிடக் கூடாது, வைரஸ் வரக் கூடாது. அடைத்ததும் மேலே நம்பர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டி, போட்டோ எடுத்து ஆடிட் குரூப்பில் போட வேண்டும். அவசியம் வேண்டிய இரண்டு துளைகளை மட்டும் விடலாம். நேற்றுச் சாயங்காலம் நயினார், நீலம்தான் புதுசு, நன்றாக இருக்கும் என்று அந்த இரண்டையும் விட்டுவிட்டுக் கறுப்பு நான்கையும் அடைத்தான். கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி, இடைவெளி இல்லாமல். போட்டோவில் அவனுடைய கட்டைவிரல் ரேகைகூடத் தெரியும்.

சீலை எடுக்கக் கார் கம்பெனியிலிருந்து கடிதம் வர வேண்டும். வர இரண்டு நாளாகும். கடிதம் இல்லாமல் உடைத்தால் நயினார் மாதிரி கான்ட்ராக்ட் ஆள் மறுநாள் கேட்டுக்குள் நுழைய முடியாது. போன மழைக்காலத்தில் பக்கத்து ஷெட்டில் ஒருத்தன் போனுக்குச் சார்ஜ் போடச் சீலைப் பெயர்த்தான். அவன் பேரும் போட்டோவும் இந்தச் சாலையில் இருக்கிற அத்தனை கேட்டுக்கும் போயிற்று. இருங்காட்டுக்கோட்டைவரை வேலை கேட்டு நடந்து பார்த்துவிட்டு ஊருக்கே போய்விட்டான்.

நயினார் ஸ்டோருக்கு நடந்தான்.

ஸ்டோர் ஜன்னலுக்கு உள்ளே சுடலைக்கண்ணு உட்கார்ந்திருந்தார். விபத்துக்குப் பிறகு அங்கேதான் போட்டிருக்கிறார்கள். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம்.

"அண்ணாச்சி, ஆக்ஸா பிளேடு ஒண்ணு வேணும். பழசு போதும்."

"எதுக்குடே?"

"ஒரு அடைப்பு எடுக்கணும்."

சுடலைக்கண்ணு நோட்டைத் திறந்து இடது கையால் எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு எழுத்தும் கோணிக்கொண்டு மெல்ல வந்தது. நயினார் அதைப் பார்க்காமல் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு ஐந்து.

"மிசின் நிக்கின்னு சொன்னாவ. அந்த மிசின்தானே?"

"ஆமா அண்ணாச்சி."

"இப்ப யாரு அதுல உக்காருதா?"

"மாடத்தின்னு ஒரு பிள்ள. விளாத்திகுளம்."

"சூதானமா இருக்கச் சொல்லு." பிளேடை ஜன்னல் வழியாக நீட்டினார். "எனக்குச் சூதானம் பத்தல. பச்ச வெளக்கு எரியுதேன்னு நம்புனேன். என் கை அவசரப்பட்டுட்டு. சாப்பாட்டுக்கு முன்னாடி பிளேடக் கொண்டாந்துரு, கணக்குல நிக்கும்."

இரண்டு வருஷமாக அவர் இதைத்தான் சொல்கிறார். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும். என் கை அவசரப்பட்டுவிட்டது. நயினார் பிளேடை வாங்கிக்கொண்டு ஓடினான்.

கம்ப்யூட்டரை அணைத்துப் பின்பக்கத்தைத் திருப்பினான். எம்சீல் ராத்திரி முழுக்கக் காய்ந்து கல்லாகியிருந்தது. ஸ்டிக்கரைக் கிழித்தான். பிளேடு முனையால் கொத்தினான். பொடிப்பொடியாக உதிர்ந்தது. கொஞ்சம் அழுத்தினான். உள்ளே இருந்த கறுப்புப் பிளாஸ்டிக் நாக்கு மளுக்கென்று உடைந்து எம்சீலோடு வந்துவிட்டது.

ஒன்று போயிற்று. மூன்று மிச்சம்.

"அண்ணே, அது சீலுல்லா?" மாடத்தி மறுபடி வந்திருந்தாள். குரல் தணிந்துவிட்டது. "உடைச்சா அனுப்பிருவாவள்லா?"

"சாப்பிடப் போ தாயி."

"நீங்க வரலியா?"

"போன்னு சொல்லுதேன்லா!"

அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். அவன் அவளிடம் இதுவரை கத்தியதில்லை.

இரண்டாவது துளைக்குச் சூடு காட்டினான். சால்டரிங் அயர்னைப் பழுக்க வைத்து எம்சீலின் மேல் மட்டும் தொட்டுத் தொட்டு எடுத்தான். நெடி மூக்கைக் குத்தியது. இளகிய இடத்தைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினான். சூடு அதிகமானால் நாக்கு உருகும், குறைந்தால் உடையும். கண்ணில் வியர்வை இறங்கியது, துடைக்கவில்லை. பிரஸ் இறங்குகிற சத்தம் காதுக்குள் கேட்டது. பிரஸ் நின்றுகொண்டிருந்தது. இருந்தும் கேட்டது. அன்றைக்கு ஓர் அடி விழுந்தது, பிறகு ஒரு சத்தமும் இல்லை. சுடலைக்கண்ணு கத்தவே இல்லை. கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து மெஷின்காரன்தான் கத்தினான்.

பன்னிரண்டு ஐம்பதுக்குக் கறுப்பு நாக்கு முழுசாகத் தெரிந்தது. ஊதிச் சுத்தம் செய்து டிவிடி டிரைவை அதில் சொருகினான். சுவிட்ச் போட்டான். மொழி கேட்டது. இன்ஸ்டால் என்று அமுக்கினான்.

திரை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு டிஸ்க் எது என்று கேட்டது. டிரைவரைக் கேட்கவில்லை.

நயினார் தரையில் உட்கார்ந்துவிட்டான். டிவிடி உள்ளே சுழலும் சத்தம் வண்டு இரைவதுபோல வந்தது. பூஜ்யம் சதவீதம். ஒன்று. அங்கேயே நின்றது. ஒரு கீறல் இருந்தால் போதும், எல்லாம் போயிற்று. நான்கு என்று மாறியபோதுதான் மூச்சு விட்டான்.

ஒன்றரைக்கு மணி அடித்தது. சாப்பாட்டுக் கூட்டம் திரும்பியது. மாடத்தி வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள். சிவசங்கர் விறுவிறுவென்று வந்தார்.

"எவ்ளோ கீது?"

"எழுவத்தி ரெண்டு பர்சென்ட் சார். வந்துட்டு. இது முடிஞ்சதும் கார்டு, கேமரா சாப்ட்வேர் போடணும். இன்னும் ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரமா? வெளாடுறியா?" குனிந்தவர் தரையில் கிடந்த எம்சீல் பொடியையும் கிழிந்த ஸ்டிக்கரையும் பார்த்துவிட்டார். முகம் மாறியது. "டேய். சீல ஒடச்சிட்டியா? யாரக் கேட்டு ஒடச்ச?"

"வேற வழி இல்ல சார். நீலத்துல எடுக்கல."

"உன் வேல போச்சு. அத்த அப்றம் பேசலாம். இப்ப வயரப் போடு."

"சார், ஒரு மணி நேரம்..."

"எனக்கு மேலயும் ஆள் கீறாம்ப்பா! நான் இன்னான்னு சொல்றது? போடு!"

நயினார் எழுந்தான். அவன் கால் பேனலை நோக்கித்தான் போயிற்று. பழக்கம் அது. டூல் பெட்டியைத் திறந்து அடித்தட்டில் கை விட்டான். வயர் விரலில் பட்டது. அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது மாடத்தி ஸ்டூலில் உட்கார்ந்து பெடலின் மேல் செருப்பை வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், பிளேடைத் திரும்ப வாங்க வந்த சுடலைக்கண்ணு ஐந்தடி தள்ளியே நின்றார். அந்த மெஷினுக்குப் பக்கத்தில் அவர் வருவதே இல்லை.

"மாடத்தி, எந்திரி," என்றான் நயினார்.

"என்னண்ணே?"

"எந்திரி. இந்த வயரப் போட்டா கர்ட்டன் வேலை செய்யாது. பச்ச வெளக்கு சும்மா எரியும். கைய உள்ள விட்டாலும் நிக்காது."

"டேய், இன்னா பேசற நீ?" என்றார் சிவசங்கர்.

நயினார் சுடலைக்கண்ணு பக்கம் திரும்பினான். "அண்ணாச்சி, உங்க கை அவசரப்படல. அன்னைக்கு இத நாந்தான் போட்டேன். நாந்தான் கழட்டுனேன். கர்ட்டன் சரியா இருந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டதும் நாந்தான்."

பக்கத்து மெஷின்களில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். டிவிடி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

சுடலைக்கண்ணு மெதுவாக வந்து இடது கையை நீட்டினார். நயினார் வயரைக் கொடுத்தான். அடிப்பார் என்று நினைத்தான், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இம்புட்டுதானா?" என்றார். "ஒரு சாண்கூட இல்லியே."

வயரைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். மாடத்தி எழுந்து நின்றிருந்தாள். அந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்தார். மேலச்சைப் பார்க்காமல் சிவசங்கரைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் வரட்டும். அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன். தூக்கிட்டுப் போறதுன்னா ஆளக் கூப்பிடுங்க."

சிவசங்கர் வாயைத் திறந்தார். போன் அடித்தது. போனைப் பார்த்தார், ரிலே பேனலைப் பார்த்தார், நயினாரைப் பார்த்தார். அவருக்கு வயர் போடத் தெரியாது. "உங்க ரெண்டு பேரையும் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் போனார். "சார், டெக்னிக்கல் பிராப்ளம் சார்" என்பது தூரத்தில் கேட்டது.

"அண்ணாச்சி..." என்றான் நயினார்.

"எங்கிட்டப் பேசாத." அவர் திரும்பவில்லை. "வேலையப் பாரு."

வேலையைப் பார்த்தான். கார்டைப் போட்டான், கேமராவை எழுப்பினான். இரண்டு நாற்பதுக்குத் திரையில் தகட்டின் படம் வந்தது. ரிலே டக்கென்று பிடித்தது.

சுடலைக்கண்ணு எழுந்தார். மாடத்தி உடனே உட்காரவில்லை. மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்துவந்தாள். பெடலை மிதித்து, அச்சு இறங்க ஆரம்பித்ததும் துடைப்பக் கம்பைக் கர்ட்டனுக்குள் நீட்டினாள். அச்சு பாதியில் நின்றது. அதைப் பார்த்துவிட்டுத்தான் சுடலைக்கண்ணு ஸ்டோருக்குத் திரும்பினார். அவள் மறுபடி மிதித்தாள், மறுபடி நீட்டினாள். மறுபடி நின்றது.

"இன்னும் ஒருதடவ பாத்துக்கிடுதேன்," என்றாள். யாரிடமும் சொல்லவில்லை.

செக்யூரிட்டி வந்து நயினாரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். அடையாள அட்டையையும் கொண்டுவரச் சொன்னார்கள் என்றார். நயினார் கழுத்திலிருந்து அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தான். ஸ்டோர் ஜன்னல் சாத்தியிருந்தது. பிளேடு இன்னும் அவன் பாக்கெட்டில்தான் இருந்தது. ஜன்னல் விளிம்பில் வைத்தான்.

பின்னால் பிரஸ்ஸின் முதல் அடி விழுந்தது. நயினார் நின்றான். யாராவது கத்துகிறார்களா என்று காது கொடுத்தான். இரண்டாவது அடி விழுந்தபிறகு ஓர் எட்டு வைத்தான். மூன்றாவது அடிக்காக மறுபடி நின்றான்.

"வாய்யா, கூப்பிடுறாங்க," என்றார் செக்யூரிட்டி.

"இந்தா வாரேன்," என்றான். மூன்றாவது அடி இன்னும் விழவில்லை.